பக்கவாதத்துக்குப் பின் எழுந்து நடக்க: பிசியோதெரபி என்ன செய்கிறது, குடும்பம் என்ன செய்ய வேண்டும்

பக்கவாதம் வந்தவரை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பும்போது குடும்பத்தின் கையில் மருந்துச் சீட்டும் ஸ்கேன் கவரும் இருக்கும். கூடவே ‘பிசியோ பண்ணுங்க’ என்று ஒரு வரி. எதை, எப்படி, எத்தனை முறை செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடைந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்த வழிகாட்டி.

இயன்முறை மருத்துவராக வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நாங்கள் வந்துபோவது ஒரு மணி நேரம். மிச்ச நேரத்தில் நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள், எங்கே பிடித்துத் தூக்குகிறீர்கள், டம்ளரை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதிக் குணம் இருக்கிறது. அந்த நேரங்களைப் பயிற்சியாக மாற்றச் சொல்லித்தருவதே பிசியோதெரபிஸ்ட் செய்யும் மிகப் பெரிய வேலை.

முதல் படி: அடிபட்டது எது என்று புரிந்துகொள்வது

பக்கவாதத்தில் அடிபடுவது மூளை. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி செயலிழக்கிறது. இடது மூளையில் வந்தால் வலக்கை வலக்கால் விழும். பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகும். வலது மூளையில் வந்தால் இடப்பக்கம் விழும். அதோடு, தனக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லாமல் போவதும் உண்டு. தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு ‘போதும்’ என்பார். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் இதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுகிறார்கள். அவருக்கு அந்தப் பக்கம் உண்மையாகவே கவனத்தில் வருவதில்லை. திட்டுவதை விட்டுவிட்டு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து பேசுங்கள், அவர் தலை அந்தப் பக்கம் திரும்பட்டும்.

கைகால் தசைகள் கெட்டுப்போகவில்லை. அவற்றுக்கு வரும் உத்தரவுதான் நின்றுபோயிருக்கிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டதால் காய்கிற வயலுக்கு உரத்தை அள்ளிக் கொட்டி என்ன பயன்? எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், புறா ரத்தம் பூசுவதும் அப்படிப்பட்ட காரியங்கள்தான். மெதுவாக எண்ணெய் தடவிவிடுவதில் தவறில்லை, உடம்புக்கு இதமாக இருக்கும். ஆனால் செயலிழந்த தோளைப் பிடித்து முறுக்கித் தேய்த்தால், முன்பு இல்லாத வலி புதிதாக வந்து சேரும். புறா ரத்தம் எந்தப் பயனும் தராது. அதற்காகக் காத்திருந்து வீணாகும் முதல் வாரங்கள்தான் திரும்பக் கிடைக்காதவை.

ஏனென்றால் அடிபட்ட மூளை, உயிரோடு எஞ்சியிருக்கும் பகுதிகளைக் கொண்டு வேலையைத் திரும்பக் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையது. அந்த வேகம் முதல் மூன்று மாதங்களில் அதிகம், ஆறு மாதம் வரை நல்ல அளவில் இருக்கும். அதன் பிறகும் பயிற்சியால் முன்னேற முடியும், ஆனால் உழைப்பு கூடுதலாக வேண்டும்.

முதல் வாரம்: ஆஸ்பத்திரிப் படுக்கையில்

‘சீக்கிரம் நடக்க வைத்தால் சீக்கிரம் குணமாகும்’ என்று எல்லோருக்கும் தோன்றும். இதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு அது. 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி அதிக நேரம் பயிற்சி கொடுத்தவர்களைவிட, வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். அதற்காக அசையாமல் படுக்க வைத்துவிடக் கூடாது. மருத்துவர் அனுமதித்ததும் சிறு சிறு நேரமாக, ஆனால் அடிக்கடி எழுப்பி உட்கார வைப்பதுதான் நல்லது. முதல் நாளே இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வராண்டாவில் இழுத்து நடத்த வேண்டாம்.

இந்த வாரத்தில் உண்மையான வேலை படுக்கவைக்கும் விதத்தில் இருக்கிறது. தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். மல்லாந்து படுத்திருக்கும்போது விழுந்த தோளுக்கும் கைக்கும் அடியில் தலையணை இருக்கட்டும். நல்ல பக்கமாகப் படுத்தால், விழுந்த கை முன்னால் ஒரு தலையணை மேலும் கால் இன்னொரு தலையணை மேலும் இருக்க வேண்டும். விழுந்த பக்கமாகவும் படுக்க வைக்கலாம், பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். தோள்பட்டையை மெல்ல முன்னால் எடுத்துவிட்டு, உடம்பின் எடை தோள் மூட்டின் மீது நேராக விழாதபடி பார்த்துக்கொண்டால் போதும். எப்படி என்று வார்டுக்கு வரும் பிசியோவை ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, அவர் முன்னிலையில் நீங்களும் செய்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். படுத்திருப்பவர் வாயில் கஞ்சியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படலாம். குடித்தது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். விழுங்க முடிகிறதா என்று மருத்துவரோ செவிலியரோ பேச்சுப் பயிற்சியாளரோ சோதித்த பிறகுதான் வாய்வழி உணவு. குடித்ததும் இருமினாலோ, குரல் தண்ணீர் கோத்ததுபோல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

மற்றொன்று தோள். தோள் மூட்டைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்திருக்கும்போது கையின் எடையாலேயே மூட்டு கீழே இறங்கிவிடும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது, கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கச் சொல்வது ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். ஒரு முறை தோள்வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும்; வலிக்குப் பயந்தே அவர் கையைத் தொடவிட மாட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கும் கேஸ்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது.

அளந்து பார்ப்பது

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் சந்திப்பில் பயிற்சியைவிடச் சோதனைக்கு அதிக நேரம் எடுப்பார். ஒவ்வொரு தசையின் பலத்தையும் 0 முதல் 5 வரை மதிப்பிடுவார். 0 என்றால் துடிப்பே இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தானாகத் தூக்க முடிகிறது. 5 முழு பலம். தொட்டால் தெரிகிறதா, கண்ணை மூடினால் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, மூட்டு இறுகியிருக்கிறதா, உட்கார்ந்தால் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்ப்பார். நிற்க முடிகிறவருக்கு 14 சிறு வேலைகள் கொண்ட ‘பெர்க்’ சமநிலைச் சோதனை உண்டு, மொத்தம் 56 மதிப்பெண். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்பது இன்னொன்று.

இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தினமும் கூடவே இருப்பவர்களுக்கு முன்னேற்றம் கண்ணில் படாது. மூன்று வாரம் கழித்து அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டால் மனம் தெளியும். எண் அசையவில்லை என்றால் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

அதோடு ‘உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்று அவரையே கேட்க வேண்டும். ‘நடக்கணும்’ என்று பொதுவாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். ஒருவருக்கு யார் உதவியும் இல்லாமல் பாத்ரூம் போக வேண்டும். ஒரு பாட்டிக்குத் தன் கையால் காபி ஆற்றிக் குடிக்க வேண்டும். பயிற்சியை அங்கிருந்து பின்னோக்கி அமைக்கலாம்.

உட்காருவது

நடப்பதற்கு முன் நிற்க வேண்டும், நிற்பதற்கு முன் சாயாமல் உட்கார வேண்டும். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் குடும்பங்கள் அதிகம்.

கட்டில் விளிம்பில், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய உட்கார வையுங்கள். கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் பலகை போடுங்கள். நீங்கள் விழுந்த பக்கத்தில் இருந்து கொள்ளுங்கள். முதலில் ஆடாமல் உட்கார்ந்தால் போதும். பிறகு நல்ல கையால் முன்னால் உள்ள டம்ளரை எடுக்கச் சொல்லுங்கள். கைக்கு எட்டும் தூரத்தைவிடச் சற்றுத் தள்ளி, விழுந்த பக்கமாகவும் வையுங்கள். டம்ளரை எட்டும்போது உடம்பின் எடை விழுந்த பக்கத்துக்கு மாறும். அந்தக் காலும் தரையை அழுத்தக் கற்றுக்கொள்ளும். வெறுமனே ‘நேரா உட்காருங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

எழுந்து நிற்பது

என்னைக் கேட்டால், வீட்டில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் அது இதுதான். கால் பலம், சமநிலை, இரண்டு காலிலும் எடையைப் பகிர்வது எல்லாம் இதில் ஒன்றாக நடக்கின்றன. இது வராமல் டாய்லெட்டுக்குத் தனியாகப் போக முடியாது.

கைவைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். ஆரம்பத்தில் உயரமான இருக்கை வேண்டும், உயரம் கூடினால் எழுவது சுலபம். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். பலர் தவறவிடும் இடம் அடுத்தது: மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் குனிய வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நோயாளி பின்னால் சாய்வார். கூட இருப்பவர் கையைப் பிடித்து மேலே இழுப்பார். இருவரும் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருப்பார்கள். நன்றாகக் குனிந்தால் இடுப்பு தானாக மேலே எழும்பும்.

நீங்கள் விழுந்த பக்கத்தில் நின்று, ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடியுங்கள். இடுப்பில் அகலமான துணி பெல்ட் கட்டினால் பிடிக்க வசதி. கைலியையோ நைட்டியையோ பிடித்தால் அவிழும், கிழியும். உங்கள் மறுகையால் அவருடைய விழுந்த முழங்கால் மடங்கிவிடாமல் முன்னாலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். நின்றதும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். நல்ல காலிலேயே எல்லா எடையையும் போட்டு நிற்பது வழக்கம். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் விழுந்த காலை அதன் மேலும், மறுகாலை அதே உயரமுள்ள பலகை மேலும் வைத்து நிற்கச் சொல்லுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்த்து அழுத்துவார்.

இறங்கி உட்காருவதும் பயிற்சிதான். பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முறை என்று தொடங்குங்கள். காபிக்கு முன், சாப்பாட்டுக்கு முன், டிவி விளம்பரத்தின்போது என்று நாள் முழுக்கப் பிரித்துவைத்தால் களைப்பு தெரியாமல் எண்ணிக்கை ஏறிவிடும். சுலபமானதும் இருக்கையின் உயரத்தைக் குறையுங்கள்.

நடை

நிற்கும்போது நல்ல காலை ஒரு அடி முன்னால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்படி வைக்கும் கணத்தில் விழுந்த கால் தனியாக உடம்பைத் தாங்குகிறது. அது வந்தால் நடை வரும்.

ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். முதலில் கோல், பிறகு விழுந்த கால், பிறகு நல்ல கால். தொடக்கத்தில் நான்கு கால் உள்ள கோல் பாதுகாப்பு. வாக்கரை இரண்டு கையாலும் தூக்க வேண்டும் என்பதால், கை பிடிக்காதவருக்கு அது பொருந்தாது. கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிவந்து மூலையில் கிடக்கும் வாக்கர்களை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். வாங்குவதற்கு முன் பிசியோவைக் கேளுங்கள், உயரத்தையும் அவரே சரிசெய்து தருவார்.

பாதம் தொங்கி விரல் தரையில் இழுபடுவதால்தான் பலர் காலை வெளிப்பக்கமாக வட்டமடித்து வீசி நடக்கிறார்கள். கணுக்காலைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட் இதற்கு நன்றாக உதவும். ஆனால் அதை ஷூவுக்குள் போட வேண்டும். நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம், அதனால் வீட்டுக்குள் ஸ்ப்ளிண்ட் இல்லாமலே நடப்பார்கள். வீட்டுக்குள் மட்டும் போடவென்று பின்வார் உள்ள, வழுக்காத அடிப்பகுதி கொண்ட ஒரு ஜோடி ஒதுக்கிவையுங்கள். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்னதாகவே பாருங்கள். இறங்கும்போது அது மறுபக்கம் வந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும்.

நடையின் வேகத்தையும் அளந்து பாருங்கள். பத்து மீட்டரை 12, 13 விநாடிக்குள் கடந்தால், அதாவது விநாடிக்கு 0.8 மீட்டர், தெருவில் தனியாகப் போய்வரும் நிலைக்கு வந்துவிட்டார் என்பது சிகிச்சையில் புழங்கும் ஓர் அளவுகோல்.

கை

கால் திரும்பி வருகிற அளவுக்குக் கை வருவதில்லை, வருவதற்கும் நாளாகும். காரணம் ஒன்று, விரல்களின் நுட்பமான வேலைக்கு மூளை அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது. இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. நடக்க இரண்டு காலும் வேண்டும், ஆனால் சாப்பிட, குளிக்க, போன் பேச ஒரு கை போதும். நல்ல கை எல்லாவற்றையும் எடுத்துச் செய்துவிடுவதால் விழுந்த கை கேட்பாரற்றுக் கிடக்கிறது. கொஞ்சம் அசைவு வந்த பிறகும் அதைப் பயன்படுத்தும் பழக்கம் போய்விடுகிறது.

இதற்கு எதிராக எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு விழுந்த கையையே வேலைக்கு இழுப்பது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. கையின் வேலைத்திறன் தெளிவாகக் கூடியிருந்தது, ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது மேல்நோக்கி விரிக்க முடிகிறவருக்குத்தான் இது. சுத்தமாக அசைவே இல்லாதவரின் நல்ல கையைக் கட்டிப்போடுவது கொடுமை. வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

அசைவே வராத கைக்குக் கண்ணாடிப் பயிற்சி பயன்படும். துண்டிக்கப்பட்ட கையில் வலி தெரிபவர்களுக்காக 1990-களில் இதை அறிமுகப்படுத்தியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். பிறகு பக்கவாதத்துக்கும் எடுத்தாளப்பட்டது. மேசையில் இரண்டு கைக்கும் நடுவே, நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியைக் குறுக்குச் சுவர்போல் நிறுத்தி, முகம் தெரியும் பக்கம் நல்ல கையைப் பார்த்திருக்க, விழுந்த கையை அதற்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது விழுந்த கை அசைவதுபோல் இருக்கும். முடிந்தவரை இரண்டு கையையும் சேர்த்து அசைக்க முயல வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியே போதும், விளிம்பு கூராக இல்லாமல் இருந்தால் சரி.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க, கனடா மையங்களில் நடந்த பயிற்சிகளைப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில் (2009), ஒரு சந்திப்பில் கையால் செய்யவைத்த பயனுள்ள அசைவுகள் சராசரி 32. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய பரிசோதனைகளில் ஒரு நாளைக்குச் சில நூறு. பிசியோ வரும் நேரத்துக்குள் மட்டும் இதை எட்டவே முடியாது. டம்ளரை மேசையில் இங்கிருந்து அங்கே தள்ளுவது, துண்டை மடிப்பது, சப்பாத்திக் கட்டையை இரண்டு கையாலும் உருட்டுவது, கிண்ணத்திலிருந்து புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடுவது என்று வேலையாகவே கொடுங்கள்.

கடைகளில் விற்கும் ஸ்மைலி பந்தைப் பற்றி. பக்கவாதத்துக்குப் பின் விரல்கள் மடங்கி இறுகுவது வழக்கம். அவருக்கு வராதது விரல் விரிப்பது. ஏற்கெனவே மடங்கிக்கொள்ளும் கையில் பந்தைக் கொடுத்து நாள் முழுக்க அமுக்கச் சொல்வதை நான் ஆதரிப்பதில்லை. பிடித்த பொருளை விடுவதைப் பயிற்சி செய்யுங்கள்.

இறுக்கம், வலி, ‘கரண்ட் வைப்பது’

சில வாரங்களில் முழங்கை மடங்கி, கைவிரல் பொத்திக்கொண்டு, பாதம் கீழ்நோக்கி விறைப்பதைக் காணலாம். வேகமாக இழுத்தால் இந்த இறுக்கம் இன்னும் கூடும். மெதுவாக விரித்து அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். குளிரில், மலச்சிக்கலில், சிறுநீர்த் தொற்றில், வலியில் இறுக்கம் திடீரென்று ஏறும். அப்போது கைகாலோடு போராடாமல் காரணத்தைத் தேடுங்கள். அன்றாட வேலைக்கே தடையாகிவிட்டால் மாத்திரையோ போட்டாக்ஸ் ஊசியோ வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஊசி போட்ட பிறகு பிசியோ இன்னும் அதிகம் வேண்டும். இறுக்கம் தளர்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் புது அசைவைக் கற்க முடியும்.

மின்தூண்டலுக்கு இடம் உண்டு. தளர்ந்த தோளுக்கும், தொங்கும் பாதத்துக்கும் சரியான நேரத்தில் கொடுத்தால் உதவும். ஆனால் படுக்க வைத்துக் கரண்ட் வைத்துவிட்டு, நோயாளி தானாக ஒரு முறைகூட அசையாமல் சந்திப்பு முடிந்துவிட்டால் அதைப் பக்கவாதத்துக்கான பிசியோ என்று என்னால் சொல்ல முடியாது. சந்திப்பு முடியும்போது நோயாளிக்குக் கொஞ்சம் வியர்த்திருக்க வேண்டும்.

வீட்டை மாற்றுவது

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கட்டிலின் உயரம். உட்கார்ந்தால் பாதம் படிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அடுத்து பாத்ரூம். பக்கவாதம் வந்தவர்கள் அதிகம் விழுவது ஈரத்தரையில். கழிப்பறைச் சுவரில் நல்ல கை பக்கம் கைப்பிடி பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. இந்திய முறைக் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கும் நடுவில் துளை உள்ள நாற்காலி கிடைக்கிறது. குளிக்க ஒரு ஸ்டூல். வாசல் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நிலைப்படியில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இரவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை விளக்கு எரியட்டும்.

யாரிடம் போவது, குடும்பமே செய்துவிட முடியாதா?

இந்தியாவிலேயே இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-ல் வெளியானது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரையே மறுவாழ்வுப் பயிற்சி செய்யவைத்தார்கள். ஆறு மாதத்தில் பார்த்தபோது, இறப்பிலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட எந்த வித்தியாசமும் இல்லை. குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தேர்ந்த ஒருவர் தொடர்ந்து பார்த்து, அளந்து, பயிற்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பம் அதை நாள் முழுக்க நிறைவேற்ற வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பிபிடி அல்லது எம்பிடி (பிசியோதெரபியில் இளநிலை, முதுநிலைப் பட்டம்) படித்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அவர் சோதித்தாரா, இலக்கு எழுதினாரா, உங்களைச் செய்யவைத்துப் பார்த்தாரா என்று கவனியுங்கள். ‘இத்தனை நாளில் ஓட வைக்கிறேன்’ என்று வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

செலவுக்குப் பயந்து நிறுத்திவிடுபவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இயங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை வேலூரில் நிறுவினார்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, கண் இருட்டுதல் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கைகால் விழுந்தாலோ 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடம்பு தேறிவிட்டது என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதுபோல் ஆபத்து வேறில்லை.

மனசு

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ‘ஒத்துழைக்க மாட்டேங்கிறார்’ என்று வீட்டில் சொல்லும்போது பல முறை அதுதான் காரணம். சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதற்கு மருந்து உண்டு. பேச முடியாதவரை வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே ‘இவருக்கு ஒண்ணும் புரியாது’ என்று சொல்லாதீர்கள். பலருக்கு எல்லாம் புரிகிறது. பார்த்துக்கொள்பவரும் இரவில் தூங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மனைவியோ மருமகளோ தனியாகச் சுமக்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டு என்னிடமே சிகிச்சைக்கு வருகிறார்கள். வேலையை முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியதும் பிசியோவை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவருக்குத் தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது, கல்யாண வீடு இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒரு முறையாவது மறுசோதனை செய்து புது இலக்கு வையுங்கள். விழுந்தால் தரையிலிருந்து எழுவது எப்படி என்று விழுவதற்கு முன்பே பழக வேண்டும்: நல்ல பக்கமாகப் புரண்டு, நல்ல கையை ஊன்றி உட்கார்ந்து, நாற்காலியைப் பிடித்து மண்டியிட்டு, நல்ல காலை முன்னால் ஊன்றி எழுவது. முதல் தடவைகளில் பிசியோ பக்கத்தில் இருக்கட்டும். பஸ்ஸில் போக ஆசைப்பட்டால் வீட்டுப் படியைவிட உயரமான ஒரு படியில் முதலில் பழக்குங்கள். பிறகு கூட்டமில்லாத மதிய வேளையில், பஸ் புறப்படும் ஸ்டாண்டிலேயே, நின்றிருக்கும் பஸ்ஸில் ஏற்றுங்கள். இடையில் உள்ள ஸ்டாப்பில் அவசரப்படுத்துவார்கள். ஏறும்போது நீங்கள் அவருக்குப் பின்னால் நில்லுங்கள், இறங்கும்போது முன்னால்.